‘கூறப்படுகிறது’... யாரால் பாஸ்?

போன வாரம் கல்யாணக் கேட்டரிங் வேலைக்குப் போய், ரச வாளியோடு வழுக்கி விழுந்த பி.காம். நண்பனின் கதையைப் படித்துவிட்டு, ‘ஊரான் கதையெல்லாம் எழுதுறியே, நீ வேலைக்குப் போன கதை எங்கடா?’ என்று கேன்டீனில் மடக்கிவிட்டார்கள். இவ்வளவு நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஒரு மாசத்தில் நான் வாங்கிய பல்புகள் ஏராளம். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. சரி, முதலிலிருந்தே வருகிறேன்.

2025 மே மாதம். சித்திரைத் திருவிழா முடிந்து, மதுரையே அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. இதழியல் இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். ஏதாவது ஒரு பத்திரிகையில் ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் செய்து சர்டிஃபிகேட்டை நீட்டினால்தான் மார்க். ஒரு நாளிதழின் உள்ளூர்ச் செய்திப் பிரிவில் இடம் கிடைத்தது. (பேர் வேண்டாமே... ஏன் என்று போகப் போகப் புரியும்!)

கழுத்தில் ஐ.டி. கார்டு, வண்டியில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர், மந்திரி பிரஸ் மீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து நறுக்கென்று ஒரு கேள்வி... இப்படியெல்லாம் கனவு. அம்மா எனக்கும் ஒருபடி மேலே போய், “எம்மவன் நிருபராயிட்டான்” என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்.

உள்ளூர்ப் பக்கங்களுக்குப் பொறுப்பாசிரியரை எல்லோரும் ‘சீஃப்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, தமிழ் டைப்பிங் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தமிழ்99-ஆ, பழைய டைப்ரைட்டர் முறையா?”

“போன்ல தங்கிலீஷ்ல அடிச்சா தமிழா மாறிடும் சார்...”

மொத்த ரூமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பல்பு நம்பர் ஒன்!

கையில் ஒரு தாளைக் கொடுத்தார். பார்த்தால்... ‘நாளைய மின்தடை’. எந்தத் துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி, எந்தெந்த ஏரியாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரன்ட் இருக்காது என்ற லிஸ்ட். நாலு வருஷம் கழித்துப் புலிட்சர் பரிசு வாங்கப்போகிறவனுக்குக் கொடுக்கிற வேலையா இது என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே அடித்தேன். பொருமினதில் ஒரு வரி விட்டுப்போச்சு. விட்டுப்போன வரியில் இருந்தது பெத்தானியாபுரம்.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு ஆபீசுக்கு முதல் போன். “ஏம்ப்பா, உங்க பேப்பரைப் பாத்துட்டுத்தானே கிரைண்டர்ல அரிசியைப் போட்டேன்? பாதி மாவோட நிக்கிறேன். நீ வந்து ஆட்டித் தருவியா?” அடுத்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். அடுத்து வீட்டில் அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் ஒருத்தர். அவர் கத்தவில்லை. “முன்னாடியே தெரிஞ்சா சிலிண்டர் எடுத்து வெச்சிருப்பேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மதியத்துக்குள் பதினொரு போன். எல்லாவற்றையும் என்னையே எடுக்கச் சொன்னார் சீஃப். தலைப்புச் செய்தியில் தப்பு வந்தால்கூட இத்தனை போன் வராதாம். (அந்தப் பக்கத்தில் எதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தவன் நான்!)

அப்புறம் ஒரு வழியாகத் தேறினேன். ‘இன்றைய நிகழ்ச்சி’ லிஸ்ட், பள்ளி ஆண்டு விழா, கும்பாபிஷேகம், கவுன்சிலர் திறந்துவைத்த போர்வெல் என்று வண்டி ஓடியது. திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். மனு கொடுக்க வருகிறவர்களின் பையை வாசலிலேயே போலீஸ் சோதிக்கும், மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்ததே, ஞாபகம் இருக்கா? அதற்குப் பிறகு பல ஊர்களில் இந்தச் சோதனை கெடுபிடியாகிவிட்டது. அந்த வரிசையில் நின்று மனுக்களை வாங்கிப் படித்தால், நாம் பிரஸ் மீட்டில் கேட்க நினைக்கும் நறுக் கேள்வியெல்லாம் சும்மா என்று ஆகிவிடும். அதைத் தனியாக ஒரு வாரம் எழுதுகிறேன்.

ஆபீசில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் டெஸ்க் அக்கா. நாங்கள் எழுதுவதையெல்லாம் வெட்டி ஒட்டி நேராக்குகிறவர். கிரைம் செய்திகளுக்கென்றே சில ரெடிமேட் வரிகள் உண்டு இல்லையா? ‘மர்ம நபர்கள்’, ‘வலைவீசித் தேடி வருகின்றனர்’, ‘இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியது’... இந்தக் கடைசி வரியைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. “செத்தா சோகம் வராம சந்தோஷமாடா வரும்? வெட்டு!” என்பார். ஆனால் அந்த அக்காவின் கண்ணிலிருந்தும் ஒரு வரி தப்பிவிட்டது. எழுதினது நான்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை ராத்திரி. பத்தரைக்குப் பக்கம் மூட வேண்டும். மணி பத்தாகப் பத்து நிமிஷம். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் சைஸ் மாறி, ஓரத்தில் ஒற்றைப் பத்தியில் எட்டு வரிக்கு இடம் காலி. “சின்னதா ஏதாவது இருக்கா?” என்று டெஸ்கிலிருந்து குரல். கிரைம் அண்ணன் வேறொரு கொலைக் கேஸில் பிஸி. “தம்பி, முந்தாநாள் ராத்திரி ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு ஆக்சிடென்ட். ஸ்டேஷன்ல கேட்டு நீயே எழுதிரு” என்று நம்பரைக் கொடுத்தார்.

கிரைம் செய்தி! நானே! கை நடுங்க டயல் செய்தேன். எடுத்தவர் அங்கே ரைட்டராம். பெயர், வயசு, ஊர் எல்லாம் சொன்னார். 50 வயசைத் தாண்டியவர், மார்க்கெட்டில் சுமை இறக்குகிற தொழிலாளி, டி.வி.எஸ். எக்ஸெல்லில் வீட்டுக்குத் திரும்பும்போது விழுந்து தலையில் அடி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார்.

“எப்படி சார் விழுந்தாரு?”

“எப்படி விழுவான்... தண்ணியப் போட்டிருப்பான். வேற என்ன?”

நோட்டில் குறித்துக்கொண்டேன். அடித்துப் பார்த்தேன். ‘நிலைதடுமாறிக் கீழே விழுந்து’ என்றெல்லாம் போட்டும் ஆறரை வரிதான் வந்தது. ‘அவர் மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது’ என்று சேர்த்தேன். கச்சிதமாக எட்டு வரி. பக்கம் மூடியது.

மறுநாள் காலையில் அம்மா அதை அழகாகக் கத்தரித்து பீரோக் கதவில் ஒட்டினார். அதில் என் பெயர் கிடையாது. இருந்தாலும் பிள்ளை எழுதின முதல் கிரைம் செய்தி ஆச்சே!

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் போய்விட்டு வந்தபோது, ரிசப்ஷனில் தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. பைக்குள்ளே பிளாஸ்டிக் கவர், அதற்குள்ளே அந்த எட்டு வரி. அம்மா வெட்டினதைவிட நேர்த்தியாக வெட்டியிருந்தார்.

“இதை எழுதினது யாருங்க?”

சீஃபிடம் கூட்டிப்போனார்கள். “உக்காரு தாயி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் பின்னாலேயே நின்றேன். தொண்டை வறண்டுபோச்சு.

“எங்கப்பா குடிக்கவே மாட்டாருன்னு நான் பொய் சொல்ல வரலைங்கய்யா. தீபாவளி, பொங்கலுக்குக் குடிப்பாரு. அன்னைக்குக் குடிக்கலை. மூட்டை இறக்கிட்டு நேரா வந்துக்கிட்டிருந்தாரு. வர்ற வழில எங்கிட்ட போன்ல பேசினாரு, புரோட்டா வாங்கிட்டு வரவான்னு. அங்கன குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட பள்ளம் இருக்கு. லைட்டும் எரியலை. அதுலதான் விழுந்தாரு. பள்ளத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே இதுல?”

யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். வண்டி அப்பா பேரில்தான் இருக்கிறது, லைசென்ஸும் இன்சூரன்ஸும் பக்கா. தெரிந்த ஏஜென்ட் ஒருத்தர், வண்டி ஓனருக்கான விபத்துக் காப்பீட்டுக்கு எழுதிப் போடலாம் என்று சொல்லியிருக்கிறார். (நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது, உங்கள் வண்டி பாலிசியை எடுத்துப் பாருங்கள். சொந்த வண்டியை ஓட்டும்போது ஓனர் இறந்தால் கிடைக்கும் தொகையை 2018-ல் 15 லட்ச ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனால் குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் அது கிடையாது.) அதே ஏஜென்ட் இந்தக் கட்டிங்கைப் பார்த்துவிட்டு, “பேப்பர்லயே வந்திருச்சே, இனி எங்கம்மா?” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டாராம்.

“துட்டு ஒரு பக்கம் கெடக்கட்டும்ங்கய்யா. எங்கப்பா பேரு அச்சுல வந்தது எங்க கல்யாணப் பத்திரிகையில மட்டுந்தான். அதுக்கப்புறம் இதுல. காரியத்துக்கு வர்றவுக எல்லாம் இதைப் படிச்சிட்டுத்தான் வராக.”

சீஃப் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. “கூறப்படுகிறதுன்னு போட்டிருக்கியே தம்பி... யாரு கூறினா?”

நோட்டைக் கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பிப் படித்தார். “இதுல ‘போட்டிருப்பான்’னு இருக்கு. அந்தாளு ஸ்பாட்டுக்குப் போனாரா?”

“தெரியாது சார். கேக்கலை.”

“‘போட்டிருப்பான்’ங்கிறது ஒரு ஆளோட சந்தேகம். நீ ‘கூறப்படுகிறது’ன்னு போட்டதும் ஊரே கூடிச் சொன்ன மாதிரி ஆயிருச்சு பாத்தியா?”

கிரைம் அண்ணன் அதற்குள் தன் போனில் எப்.ஐ.ஆரை எடுத்துவிட்டார். சில வகைக் கேஸ்களைத் தவிர மற்ற எப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. இதை செகண்ட் செமஸ்டரில் பத்து மார்க் கேள்வியாக எழுதிப் பாஸ் ஆனவன் நான். எப்.ஐ.ஆரில் ‘இருட்டில் பள்ளம் இருப்பது தெரியாமல்’ என்று இருந்தது. மது என்ற வார்த்தையே இல்லை. நான் போன் செய்த அன்றைக்கே அது அங்கே இருந்திருக்கிறது.

“நூறு மில்லி ரத்தத்துல முப்பது மில்லிகிராமுக்கு மேல இருந்தாத்தான்டா சட்டப்படி குடிச்சிட்டு ஓட்டினதாவே கணக்கு. அதை லேப்தான் சொல்லணும். ரைட்டர் போன் வழியா மோந்து பாத்துச் சொல்ல முடியுமா?” என்றார் கிரைம் அண்ணன். ஆனால் அவர் முகமும் வாடித்தான் இருந்தது. நம்பரைக் கொடுத்தது அவர்தானே.

சாயங்காலம் சீஃப் தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நேராக டீக்கடையில் நிறுத்திவிட்டார். “பகல்ல பாத்து என்னப்பா பிரயோஜனம்? அவரு போன நேரத்துக்குப் போவோம்.” ஒன்பது மணிக்குப் போனோம். அந்தத் தெருவில் வரிசையாக மூன்று விளக்குக் கம்பங்கள், மூன்றும் எரியவில்லை. பள்ளத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ஓரத்தில் கடை வைத்திருப்பவரிடம் கேட்டோம். ரிப்பன் கட்டினது விபத்துக்கு மறுநாள் காலையிலாம். அதற்கு முன்னாடி? ஒரு தார் டிரம், அதுவும் உருண்டு பள்ளத்துக்குள்ளேயே கிடந்ததாம். விளக்கு எரியவில்லை என்று அவர் இரண்டு தடவை புகார் கொடுத்து, புகார் எண்களைக்கூடக் கடைக் காலண்டரில் எழுதிவைத்திருந்தார். போட்டோகிராபர் அண்ணன் கொண்டுவந்த டேப்பால் அளந்தோம். நாலடி ஆழம். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்கூட்டரை ஓட்டிவந்து பார்த்தேன். பள்ளம் இருப்பது தெரிந்தே வந்தும், ரிப்பன் கண்ணில் படும்போது வண்டி கிட்டத்தட்ட அதன் மேலேயே இருந்தது.

திரும்பும்போது பின்சீட்டிலிருந்து மெதுவாகக் கேட்டேன். “சார், நாளைக்கு லேப் ரிப்போர்ட்ல அவர் குடிச்சிருந்தாருன்னு வந்தா?”

“வந்தா அதையும் போடுவோம். யார் சொன்னதுன்னு சேத்துப் போடுவோம். அவரு குடிச்சிருந்தா மட்டும் பள்ளம் மூடிக்குமா? லைட்டு எரியுமா?”

அடுத்த நாள்தான் நிஜமான தலைவலி. திருத்தம் போட்டே ஆக வேண்டும், அதுதான் முறை என்றார் சீஃப். அந்த அக்காவோ வேண்டாம் என்றார்! “குடிக்கலைன்னு போடாதீக. படிக்காதவுகளும் படிச்சிட்டு, ஓஹோ, அப்பிடி ஒரு பேச்சு இருந்துச்சாக்கும்பாக. எங்கப்பா ஏன் விழுந்தாருன்னு போடுங்க, போதும்.” சீஃபும் விடவில்லை. பள்ளத்தைப் பற்றி எழுதுவது செய்தி. நாம் செய்த தப்பை ஒத்துக்கொள்வது வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது என்றார். டெஸ்க் அக்கா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திருத்தத்தை எழுதச் சொன்னார், என்னைத்தான். மூன்று வரி எழுத ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. இன்ன தேதியில் வெளியான விபத்துச் செய்தியில், உறுதிசெய்யப்படாத ஒரு தகவல் இடம்பெற்றுவிட்டது, அதைத் திரும்பப் பெறுகிறோம், குடும்பத்தினரிடம் வருத்தம் தெரிவிக்கிறோம். ‘மது’ என்ற சொல் அதில் வராது. அந்த அக்கா இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையாட்டினார்.

இன்சூரன்ஸ் மேட்டரில் கோர்ட் அண்ணன் (மதுரை ஐகோர்ட் கிளை இவர் ஏரியா) தைரியம் சொன்னார். பத்திரிகைச் செய்தி வெறும் கேள்விப்பட்ட சங்கதிதான், அதை மட்டுமே வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்று 1988-லேயே ஒரு தமிழ்நாட்டு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறதாம். “கோர்ட்டுல நிக்காதும்மா. கவலைப்படாதீக.” அந்த அக்கா சிரிக்கிற மாதிரி ஒன்று செய்தார். “எங்க தெருவுல நிக்குதேண்ணே.” கோர்ட் அண்ணனிடம் அதற்குப் பதில் இல்லை. திருத்தம் வந்த பக்கத்தோடு, ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் சீஃப்.

பள்ளத்துச் செய்தி மறுநாள் மூன்று பத்தியில், எரியாத கம்பங்களின் போட்டோவோடு வந்தது. சம்பந்தப்பட்ட அதிகாரியின் பதிலையும் வாங்கிப் போட்டோம். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்ததாக அவர் சொன்னார். ‘கூறப்படுகிறது’ என்று விரல் தானாக அடிக்கப் போனது. அழித்துவிட்டு, பதவியைப் போட்டு ‘என்றார்’ என்று முடித்தேன். செய்தி வந்த மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. இரண்டு மட்டும். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால் ‘பல்பு ஸ்டாக் இல்லை’ என்கிறார்களாம். (நான் கொடுத்திருப்பேன், நிறைய வாங்கி வைத்திருக்கிறேன்!)

வீட்டுக்கு வந்ததும் பீரோக் கதவிலிருந்து அந்தக் கட்டிங்கைக் கிழித்தேன். கோந்து நன்றாகப் பிடித்துவிட்டது, பாதிதான் வந்தது. அம்மா ஏன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து ஈரத்துணியை எடுத்துவந்து அவரே மீதியைத் தேய்த்து எடுத்தார்.

ஜூன் பாதியில் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு காலேஜுக்குத் திரும்பிவிட்டேன். தீபாவளி லீவு முடிந்த வாரம், மீடியா லா கிளாஸில் பாதித் தூக்கத்தில் இருந்தபோது போன் அதிர்ந்தது. அந்த அக்காதான். ஒரு போட்டோ, கீழே ‘ரிப்போர்ட் வந்துருச்சு தம்பி’ என்று ஒரு வரி. தடய அறிவியல் ஆய்வகத் தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். ரத்தத்தில் ஆல்கஹால் இல்லை. காப்பீட்டுக்கு எழுதிப் போட்டாச்சு, இன்னும் பதில் வரவில்லை என்று அடுத்த மெசேஜ்.

கை கால் ஓடவில்லை. உடனே சீஃபுக்கு ஃபார்வர்டு செய்தேன், ‘சார், குடிக்கலை சார்!’ என்று. பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

‘பார்த்தேன். சந்தோஷம். தாள்ல நம்பர், தேதி, யார் கையெழுத்துன்னு மூணும் சரி பாத்தியா?’

பார்க்கவில்லை மக்களே! மறுபடி திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் போட்டேன்.

அடுத்த வாரம், பெட்ரோல் பங்க்கில் நைட் ஷிப்ட் பார்க்கும் நம்ம இயற்பியல் டிபார்ட்மென்ட் தோழி. வர்ட்டா!